துவைத்தாலும் போகாத மஞ்சள்

நீலக் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம். மில்லில் நூல் கட்டுகளைச் சுற்றி வரும் காகிதம் அது; கெட்டியாக இருக்கும், மடித்தால் மடித்தபடி நிற்கும். உள்ளே கொஞ்சம் மஞ்சள் தூள். குழம்புக்குப் போடும் மஞ்சள் இல்லை, துணிக்குப் போடும் சாயம். என் அண்ணன் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, ஆலைச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வருவார். பொட்டலத்தைப் பிரிக்கும்போது எல்லோரையும் மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்வார். யாராவது தும்மிவிட்டால் போச்சு, பறந்துபோய்ப் பாய், சுவர், பாத்திரம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். தீக்குச்சி முனையில் ஒட்டுகிற அளவு எடுத்து மாவில் போட்டால் அண்டா முழுக்க ஜொலிக்கும். தீபாவளிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேர் நாக்கும் மஞ்சளாக இருக்கும். ஒருத்தருக்கொருத்தர் நாக்கை நீட்டிக் காட்டி, யார் வீட்டு லட்டு ஒசத்தி என்று சண்டை போடுவோம். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். சாயக் கொட்டகைக்காரர் தங்கச்சி ஆயிற்றே, என்னை யார் மிஞ்ச முடியும்.

புதுச்சேரியில் மில்லை நம்பிப் பிழைத்த தெரு எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என்னை ஆளாக்கியது அண்ணன்தான். மீசை சரியாக முளைக்காத வயதிலேயே சாயக் கொட்டகையில் சேர்ந்துவிட்டார். அவர் நகக்கண்களில் நிரந்தரமாக ஒரு மஞ்சள் கோடு இருக்கும். சோறு பிசையும்போது பார்த்தால் ஏதோ மோதிரம் போட்ட மாதிரி தெரியும். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வருஷம் ஊரே ஆடியது பாடியது. ஆனால் சாயக் கொட்டகையில் அதே பீப்பாய்கள், அதே கொதிநீர், அதே மஞ்சள்தான். மேஸ்திரி கண்ணை மூடிக்கொள்வார், ஆளுக்குக் கொஞ்சம் மடித்துக்கொண்டு வருவார்கள். அதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. சாயக் கொட்டகையில் வேலை செய்கிறவன் வீட்டில் கேசரி வெளுத்துக் கிடந்தால்தான் அவமானம்.

தெருவில் எந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்றாலும் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அண்ணன் யாரிடமும் ஒரு சல்லி வாங்கியதில்லை. பிடித்த முதல் லட்டை வாழையிலையில் சுற்றி அவருக்கு அனுப்புவார்கள், அதுதான் மரியாதை. ‘கலர்க்காரர்’ என்றே அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். பஜாரில் விற்கும் கலரை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. “அதுல என்னா எழவக் கலக்குறானோ. இது சீமையிலேர்ந்து பீப்பாயில வர்ற சரக்கு. வெயில்ல போட்டாலும் வெளுக்காது, துவைச்சாலும் போகாது. மில்லு கேரண்டி” என்பார். இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். துணிக்கு எது பெருமையோ அதுவே லட்டுக்கும் பெருமை என்று ஒரு தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. நாங்கள் முட்டாள்கள் இல்லை. மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல சரக்கு, மட்ட சரக்கு என்று தரம் பிரிக்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இந்த வீட்டுக்குத்தான் அண்ணி வந்தார். நோணாங்குப்பம் பக்கம் விவசாயக் குடும்பம். கறுப்பு, ஒல்லி, வேக நடை. அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிராளி பதில் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வந்த கொஞ்ச நாளிலேயே கடற்கரை ஓரத்து வெள்ளைக்காரத் தெருவில் ஒரு மதாம் வீட்டில் (பிரெஞ்சுக்கார அம்மாவை அப்படித்தான் சொல்வோம்) சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். இந்த மதாம் மட்டும் போகவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போக விட மாட்டார்கள் என்பதால்தான் தங்கிவிட்டார் என்று தெருவில் பேச்சு. நிஜமோ பொய்யோ, அந்த நாயைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். வெள்ளை வெளேரென்று, காது தொங்க, ஒரு ராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பெயர் பிஜூ. நான் எழுதும் இந்தக் குறிப்பில் பெயரோடு வருவது அந்த நாய் மட்டும்தான், அதற்கும் அது தகுதியானதுதான்.

அண்ணியின் வேலையில் பாதி மதாமுக்குச் சமைப்பது, பாதி பிஜூவுக்குச் சமைப்பது. முன்பெல்லாம் நாய்க்கு பிஸ்கத்து டப்பா கப்பலில் வருமாம். டப்பாவின் மேல் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் இருக்கும், மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்த பிறகுதான் திறக்கச் சொல்வாராம். டப்பா வருவது நின்றபின் எல்லாம் அண்ணி கைச் சமையல். வைத்திக்குப்பத்திலிருந்து அன்றைக்குக் கரைக்கு வந்த மீன், முள் ஒன்றுகூட இல்லாமல் ஆய்ந்து, குழைந்த சோற்றோடு பிசைய வேண்டும். உப்பு கூடாது, காரம் கூடாது, முந்தின நாள் சோறு கூடவே கூடாது. தட்டைக் கொதிநீரில் கழுவ வேண்டும். அண்ணி வந்து இதையெல்லாம் சொல்லும்போது தெருப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “ஏன்டி, உன் புருஷனுக்கு என்னிக்காவது முள்ளு எடுத்துக் குடுத்திருக்கியா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். “அவரு கடிப்பாரா? அது கடிக்கும்” என்றார் அண்ணி.

ஒரு தீபாவளிக்கு மதாமுக்கென்று ஒரு தூக்கு நிறைய லட்டு கொண்டுபோனார் அண்ணி. அண்ணன் கலர் போட்டுப் பிடித்த லட்டு, கண்ணைப் பறித்தது. மதாம் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு நன்றி சொல்லித் தூக்கை மேசைமேல் வைத்தார். மேசை உயரம் பிஜூவுக்கு ஒரு பொருட்டா? ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தூக்கைக் கவிழ்த்து, மதாமுக்கு ஒன்றிரண்டு மிச்சம் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் காலி செய்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே வாந்தி. தரையில் பதித்த வெள்ளைக் கல் முழுக்க மஞ்சள். நாய் எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிட்டது, தண்ணீர்கூட இறங்கவில்லை. அண்ணி பண்டிகை நாளும் அதுவுமாகத் தரையைக் கழுவினார். சாம்பல் போட்டுத் தேய்த்தார், மணல் போட்டுத் தேய்த்தார். வாடை போயிற்று, கறை போகவில்லை.

மதாமுக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். தமிழர்தான், பிரெஞ்சு படித்தவர், எல்லோரும் முசே என்று கூப்பிடுவார்கள். நாய்க்கு ஏதோ மருந்து கொடுத்துவிட்டு மிச்சமிருந்த லட்டைச் சுடுதண்ணீரில் கரைக்கச் சொன்னார். அதில் கொஞ்சம் காடி, இப்போது வினிகர் என்கிறார்களே அதை ஊற்றி, வெள்ளைக் கம்பளி நூல் ஒரு துண்டைப் போட்டு ஊறவிட்டார். எடுத்து சோப்புப் போட்டு அலசினார். நூல் பளிச்சென்று மஞ்சளாகவே இருந்தது. அண்ணி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். “இது துணிக்குப் போடற சாயம்மா. நாய்க்கு இதனாலதான் வந்துச்சின்னு நான் அடிச்சிச் சொல்ல மாட்டேன். நெய்யாக்கூட இருக்கலாம், அத்தன இனிப்பாக்கூட இருக்கலாம். ஆனா இந்தச் சாயத்த செஞ்சவன் துணிய நெனச்சி செஞ்சிருக்கான். வயித்துக்குள்ள போனா என்னா ஆவும்னு அவன் பாக்கவே இல்ல” என்றார் அவர்.

மதாம் அண்ணியைத் திட்டவில்லை. அவர் நல்ல மனுஷி. பாண்டிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். “உன் மேல கோவம் இல்ல. ஆனா இனிமே உங்க வூட்டுப் பலகாரம் எதுவும் பிஜூ கண்ணுல படக்கூடாது” என்றார். அண்ணி கேட்டார்: “எங்க வூட்டுல புள்ளைங்க அதத்தான திங்குதுங்க மதாம்?”  மதாம், “அது உங்க இஷ்டம்மா” என்று சொல்லிவிட்டு நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நாலைந்து நாளில் பிஜூ எழுந்து ஓடியாட ஆரம்பித்துவிட்டது. அண்ணிதான் அந்த நாலைந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மகனுக்கு அப்போதுதான் முன்பல் முளைத்திருந்தது. அந்தத் தீபாவளிக்கு அவன் வாயில் முதன்முதலாக இனிப்பு வைத்தது அண்ணிதான், நாக்கு மஞ்சளானதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தவரும் அவர்தான்.

வீட்டில் பேச்சை எடுத்தபோது அண்ணன் முதலில் சிரித்தார். “வெள்ளைக்காரி நாயி வெண்ணெய் தின்னு வளர்ந்தது. அதுக்குத் தாங்கல. நம்ம வயிறு என்னா அப்படியா?” என்றார். அண்ணி விடவில்லை. முசே சொன்னதை அப்படியே சொன்னார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தெருவில் இத்தனை வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் கையால் கொடுத்திருக்கிறார். அதெல்லாம் விஷம் என்று கட்டிய மனைவியே சொன்னால் எந்த மனுஷனுக்குப் பொறுக்கும்? “இத்தினி வருஷமா திங்கறோம். எவன் செத்தான்?” என்று கேட்டார். “எவன் பார்த்தான்?” என்று அண்ணி திருப்பிக் கேட்டார்.  அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் அந்த மஞ்சள் ஏறவில்லை. ஆனால் அண்ணன் மற்றவர்களுக்குக் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துபோய், “நாய்க்குச் சமைச்சிச் சமைச்சி அவளுக்கு வெள்ளைக்காரி புத்தி வந்துடுச்சி” என்று கேலி பேசினார்கள். அண்ணி காதில் விழுந்தும் விழாததுபோல நடப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இதைச் சொல்லும்போது என் மருமகள் ஞாபகம் வருகிறது. இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. அதற்குக் கடையிலிருந்து உணவுப் பொட்டலம் வாங்கும்போது மருமகள் பின்பக்கத்தைத் திருப்பிப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி, வரி வரியாகப் படிப்பாள். என்ன நிறமி, கெடாமலிருக்க என்ன சேர்த்திருக்கிறான், எதற்கு எந்த எண் போட்டிருக்கிறான் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒன்று பிடிக்கவில்லையென்றால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதே கையால், செக்கச்செவேலென்று எதையோ தூவிய வறுவல் பாக்கெட்டைக் கிழித்து அவளும் தின்பாள், எனக்கும் நீட்டுவாள். “இதுக்குப் பின்னாடியும் எழுதியிருக்கும், படிச்சியாம்மா?” என்று கேட்டால், “அத்தை, நீங்க ஆரம்பிச்சிட்டீங்களா” என்பாள். நல்ல பெண்தான். அதற்கப்புறம் பாக்கெட்டைத் திருப்பியும் பார்த்தாள், சும்மா சொல்லக் கூடாது. எல்லாச் சேர்மானமும் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றை நினைத்துச் சோதித்துப் பார்த்து, இவ்வளவுதான் போடலாம் என்று அளவு வைத்தவையும் உண்டு. யாராவது பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் தெருவில் முதலில் கேட்டது அண்ணி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பெண் என்று வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. மூக்கும் முழியுமாகத்தான் இருந்தேன், இருந்தாலும் தட்டிப்போனது. கடைசியில் விழுப்புரத்திலிருந்து ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளைக்கு ரயிலடியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காப்பியை வாங்கும்போது என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, டம்ளரைத் தானே தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அவர்கள் வீட்டில் பேச்செல்லாம் மாப்பிள்ளையின் அத்தையிடம்தான். அப்பாவின் அக்கா, கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற ரகம். நகை நட்டெல்லாம் உங்கள் வசதி, ஆனால் வரிசைத் தட்டு நிறைக்க வேண்டும், லட்டு தங்கம் மாதிரி இருக்க வேண்டும், சபையில் எங்கள் மானம் அதில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். “கலர பத்திக் கவலப்படாதீங்க. நம்ம வூட்டுச் சரக்கு” என்று அண்ணன் தெம்பாகச் சொல்லிவிட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். 

கல்யாணத்துக்கு முந்தின நாள். கொல்லையில் கோட்டை அடுப்பு போட்டு, சமையல்காரர் கடலைமாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். அண்ணி காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் பொட்டலத்தைக் கொண்டுவந்து, தன் கையாலேயே மாவில் போட்டுவிட்டார். தங்கை கல்யாணம், கொஞ்சம் தாராளமாகவே போட்டார். அண்டா தகதகவென்று மின்னியது. உறவுக்காரப் பெண்கள் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். காய்கறிக் கூடையோடு உள்ளே வந்த அண்ணி, அண்டாவைப் பார்த்தார், கூடையை அப்படியே இறக்கி வைத்தார்.  வேண்டாம் அண்ணி, இந்த ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அண்ணி கத்தவில்லை. உள்ளே போய், அண்ணன் மறுநாள் கட்டுவதற்கென்று எடுத்து வைத்திருந்த புது வேட்டியை எடுத்து வந்தார். எல்லோரும் பார்க்க அதன் ஒரு முனையை அண்டாவில் தோய்த்தார். யாரோ, “ஐயோ, புது வேட்டி” என்றார்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தண்ணீரை இறைத்து, சோப்புப் போட்டு, கல்லில் அடித்து அடித்துத் துவைத்தார். நாங்கள் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். மாவு போய்விட்டது. வேட்டி முனை மட்டும் மஞ்சள் குளித்து நின்றது. அதைப் பிழிந்து உதறி, அண்ணன் கையில் கொடுத்தார். “நீங்க சொன்னது நெசந்தாங்க. துவைச்சாலும் போகாது. நாளைக்கு இந்தப் பந்தல்ல எத்தினி புள்ளைங்க ஒக்காந்து திங்கப் போவுது. வேட்டியிலேர்ந்தே போவாதது, அதுங்க வயித்திலேர்ந்து எப்பிடிங்க போவும்? அந்த வயித்த யாரு அடிச்சித் துவைக்கிறது?” என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

அண்ணன் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் நகத்தையும் பார்த்துக்கொண்டார்.  எந்த ஆண்பிள்ளையாக இருந்தாலும், கூடி நிற்கும் சனத்துக்கு முன்னால் மனைவியை ஒரு அறை விட்டிருப்பான். அந்தக் காலம் அப்படி. அண்ணன் வேட்டியைக் கொடியில் போட்டார். மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கோடிக்குப் போய்க் குழி வெட்ட ஆரம்பித்தார். “சாக்கடையில ஊத்தாத. தெரு நாயி, மாடு ஏதாவது வாய வெச்சிடும்” என்று சமையல்காரரிடம் சொன்னார். அவ்வளவு மாவையும் அவரே சுமந்து கொண்டுபோய்க் கொட்டி மூடினார். அண்ணியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தச் சாயங்காலம் வியர்வை வழியக் குழியை மூடிக்கொண்டிருந்த என் அண்ணனும் எனக்குப் பெருமைதான். கேலி பேசிய அதே பக்கத்து வீட்டு அக்கா, பேசாமல் போய்த் தன் வீட்டுக் கடலைமாவை முறத்தோடு கொண்டுவந்து வைத்தார். இன்னும் சில வீடுகளிலிருந்தும் வந்தது. மறுபடி பூந்தி பொரித்து, லட்டு பிடித்தார்கள். கடலைமாவின் மங்கல் நிறம்தான். வாசனை என்னவோ ஊரைத் தூக்கியது.

அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு வந்து இறங்கியது. வரிசைத் தட்டுகளைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை பட்டுப்புடவை சரசரக்க வந்து தட்டுகளைச் சுற்றிப் பார்த்தார். லட்டுத் தட்டின் முன்னால் நின்றுவிட்டார். நான் அறைக்குள்ளே கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். “என்னா இது? கல்யாண லட்டா, கருமாதி லட்டா?” என்றார் அத்தை.  “தங்கம் மாதிரி இருக்கணும்னு நான் சொன்னேனா இல்லியா? ஆரம்பமே வெளுத்துக் கெடந்தா குடும்பம் எப்பிடி வெளங்கும்? நாங்க வண்டிய திருப்பறோம்.”  இந்த இடமும் போனால் இனி ஒரு இடம் எனக்கு வராது. டம்ளரைத் தானே எடுத்துக்கொண்ட அந்தக் கை எனக்கில்லை என்று ஆகிவிட்டது. அண்ணி மேல் அப்போது எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. பொய் சொல்வானேன்.

 மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக அண்ணனிடம் திரும்பினார். “தம்பி, நீ மில்லுல சாயக் கொட்டகையிலதான வேல பாக்கற? உங்கிட்ட கலர் இல்லியா?” என்று கேட்டார். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார், தான் பழியை ஏற்றுக்கொள்வதற்கு. அண்ணன் கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

“இருக்கு மாமா. அது என்னான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் போடல” என்றார் அண்ணன். “அது துணிக்கு. இத்தினி நாளா தெரியாம ஊருக்கெல்லாம் குடுத்துக்கினு இருந்தேன். உங்க வூட்டுப் புள்ளைங்க திங்கற பண்டத்துல போட எனக்கு மனசு வரல. லட்டு வெளுத்துதான் கெடக்கு. வேணாம்னா சொல்லுங்க. ஆனா என் தங்கச்சி கல்யாணத்துல அது ஏறாது.”

மாப்பிள்ளையின் அப்பா அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்தார். தான் சாப்பிடவில்லை, தன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த பேரக் குழந்தையின் கையில் கொடுத்தார். குழந்தை கடித்துக்கொண்டே ஓடியது. “அக்கா, உள்ள போயி ஒக்காரு” என்று தன் அக்காவிடம் சொன்னார். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். கல்யாணம் முடிகிறவரை லட்டைத் தொடவில்லை. பிற்பாடு பல வருஷம் எனக்கு ‘வெள்ளை லட்டு’ என்றுதான் பெயர் வைத்திருந்தார். இருக்கட்டும். மறுநாள் முகூர்த்தத்தில் அண்ணன் அந்த மஞ்சள் முனை வேட்டியையே கட்டிக்கொண்டு நின்றார். தாரை வார்க்கும்போது அது என் கண்ணில் பட்டது, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் ஊரே திருந்தியது என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. அண்ணன் கொடுக்க மாட்டேன் என்றதும் வேறொரு சாயக் கொட்டகைக்காரரிடம் வாங்கிக்கொண்டார்கள். வாழையிலையில் சுற்றிய முதல் லட்டு அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. அண்ணனை ‘கலர்க்காரர்’ என்று கூப்பிடுவது நின்றது. அது அவருக்கு வலித்தது, அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சில வீடுகள் மாறின. மாவு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா தன் பெண் காதுகுத்துக்கு மங்கல் லட்டுதான் பிடித்தார். மதாம்கூட கேள்விப்பட்டு அண்ணியிடம் ஒரு லட்டு கேட்டு வாங்கி, பாதியைத் தான் தின்று பாதியை பிஜூவுக்குப் போட்டாராம்.

தலை தீபாவளிக்கு நானும் என் வீட்டுக்காரரும் அண்ணன் வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் அண்ணனும் அவரும் ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணியும் அடுப்படியில் பூந்தியைப் பாகில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தோம். ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று நினைத்ததைக் கேட்டேன். “அண்ணி, அன்னிக்கு அவங்க வண்டிய திருப்பிக்கினு போயிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?”

“ஒன்ன கட்டிப் புடிச்சிக்கினு அழுதிருப்பேன். வேற என்னா பண்றது” என்றார்.

“கலர் போட்டிருக்க மாட்டீங்க?”

“போட்டிருக்க மாட்டேன்.” கரண்டியை அண்டா விளிம்பில் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நாய்க்கு ஆகாதுன்னு சொல்றதுக்கு அதுக்கு ஒரு மதாம் இருந்தாங்க. ஒனக்கு ஆகாதுன்னு சொல்ல அம்மா இல்ல. நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?”